முன்மாதிரித் தம்பதி பேசுவதில்லை

இந்த முறை தோற்பதில்லை என்று லிஃப்ட்காரர் தீர்மானம் பண்ணிவிட்டார். முகம் மழித்துக்கொண்டே, கண்ணாடியில் தெரிந்த பாதி நுரையையும் பாதி முகத்தையும் சாட்சியாக வைத்துச் செய்த தீர்மானம். வானமே இடிந்து தலையில் விழுந்தாலும் வாயைத் திறப்பதில்லை. மனைவி தானாக வந்து பேசட்டும். அவள் பேசுகிற முதல் வார்த்தையில் மகளுடைய அறை தனக்கு.

அந்த வீட்டில் ஒரு சட்டம் இருந்தது. சண்டை வந்தால் கூச்சல் கிடையாது, பாத்திரம் உருட்டுவது கிடையாது. இரண்டு பேரும் வாயை மூடிக்கொள்வார்கள். யார் முதலில் பேசுகிறாரோ அவர் தோற்றவர். கல்யாணமான புதிதில் விளையாட்டாக ஆரம்பித்தது. அன்றிலிருந்து இன்றுவரை தோற்றுக்கொண்டே இருப்பவர் ஒரே ஆள்தான். ஒரு தடவை, சட்டைப் பித்தான் எங்கே என்று கேட்டுத் தோற்றார். ஒரு தடவை தும்மினார். மனைவி நிமிர்ந்து பார்த்தாள். "ஒண்ணுமில்லை, தூசி" என்று சொல்லித் தோற்றார். இன்னொரு தடவை தூக்கத்தில் உளறித் தோற்றார். தூக்கத்தில் பேசியது செல்லாது என்று மேல்முறையீடு செய்தார். மேல்முறையீடு செய்ய வாயைத் திறக்க வேண்டியிருந்ததால் அதிலும் தோற்றார்.

பாவம், அவர் தொழில் அப்படி. கட்டடம் கட்டடமாகப் போய் லிஃப்ட் பழுது பார்க்கிறவர். நடுவழியில் மாட்டிக்கொண்டவர்களிடம், "பயப்படாதீங்க, நான் இருக்கேன், காத்து வருது, மூச்சை இழுத்து விடுங்க" என்று கதவுக்கு வெளியே நின்று பேசிப் பேசியே பழக்கப்பட்ட வாய். அதை மூடி வைப்பது, கொதிக்கிற பால் மேல் தட்டைப் போட்டு மூடுவது மாதிரி.

இந்தத் தடவை சண்டை மகளுடைய அறையைப் பற்றியது. ஒரே மகள். கல்யாணம் முடிந்து, கணவனோடு வேறு ஊருக்குப் போய்விட்டாள். அறை காலி. அந்த நேரம் பார்த்துக் கோவில் மண்டபத்துக்குப் புதுக் கீபோர்டு வந்தது. பழைய பியானோவை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று பங்குத்தந்தை சொல்லிவிட்டார்.

"அந்தப் பியானோவை மக ரூம்ல வெச்சு, பாடகர் குழுவுல இருக்கற சின்னப் பிள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுக்கலாம்னு பார்க்கறேன்" என்றாள் மனைவி.

"அந்த ரூமுக்கு நான் ஓடுற மிஷின் வாங்கப் போறேன்."

"ஓடுற மிஷினா? எங்க ஓடும்?"

"மிஷின் ஓடாது. அதுமேல நான் ஓடுவேன்."

"எங்க?"

"நின்ன இடத்துலயே."

"அதைத்தானே கல்யாணமான நாள்லேருந்து பண்ணிக்கிட்டு இருக்கீங்க? அதுக்கு எதுக்கு மிஷின்?"

"டாக்டர் உடம்பை அசைக்கச் சொல்லியிருக்கார்."

"வீடு அஞ்சாவது மாடி. படியில ஏறி வாங்க."

"ஊர் லிஃப்டையெல்லாம் ரிப்பேர் பண்றவன் படியில ஏறினா, எவன் என்னை நம்பி லிஃப்ட்ல கால் வைப்பான்?"

"பியானோ வரும்."

"வராது."

"வரும்."

"பியானோ உள்ளே வந்தா நான் வெளியே போயிடுவேன்."

"போறப்பவாவது படி வழியாப் போங்க. உடம்புக்கு நல்லது."

அத்தோடு இருவரும் வாயை மூடிக்கொண்டார்கள்.

முதல் நாள் சாயங்காலமே லிஃப்ட்காரருக்கு ஒரு விஷயம் உறைத்தது. அவர் மனைவி ரயில் நிலையத்தில் அறிவிப்பாளர். குரலை விற்றுச் சம்பளம் வாங்குகிறவள். அவளுக்கு ஒருவரோடும் பேசாமல் எல்லோருக்கும் சொல்லத் தெரியும். அவர் கை கழுவிக்கொண்டு நின்றபோது, சமையலறையிலிருந்து, சுவரைப் பார்த்தபடி அந்தக் குரல் எழும்பியது.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு. இரவு உணவு மேசைக்கு வந்து சேர்ந்துள்ளது. தாமதமாக வரும் பயணிகளுக்குச் சூடு உத்தரவாதமில்லை."

மறுநாள் காலை: "குளியலறையில் ஈரத் துண்டை விட்டுச்சென்ற பயணி, அதை உடனடியாக அப்புறப்படுத்துமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்."

லிஃப்ட்காரருக்கு ரத்தம் கொதித்தது. இது பேச்சா, பேச்சில்லையா? வேலை செய்யப் போன இடத்திலிருந்து மகளைப் போனில் பிடித்தார்.

"அப்பா, என்ன ஒரே இரைச்சலா இருக்கு? எங்கேருந்து பேசறீங்க?"

"ஒரு லிஃப்டோட மண்டை மேல உட்கார்ந்து பேசறேன். உங்கம்மா அழுகுணி ஆட்டம் ஆடறா."

"என்ன பண்றாங்க?"

"அறிவிப்பு பண்றா."

"யாருக்கு?"

"பயணிகளுக்கு."

"வீட்ல ஏதுப்பா பயணிகள்?"

"அதைத்தான் நானும் கேக்கறேன்! வீட்ல இருக்கறது நான் ஒருத்தன். அப்ப அது என்கிட்ட பேசினதாத்தானே ஆகுது? அவ தோத்துட்டா. ரூம் எனக்கு."

"இருங்க, அம்மாவைக் கேட்டுட்டுக் கூப்பிடறேன்."

சற்று நேரத்தில் தீர்ப்பு வந்தது.

"அப்பா, ரயில் நிலையத்துல அம்மா அறிவிக்கறப்போ பிளாட்பாரத்துல படுத்திருக்கற நாயும் காதைத் தூக்கிக் கேக்குமாம். அதுக்காக நாய்கிட்ட பேசினதா அர்த்தமில்லைன்னு சொல்றாங்க."

"நாயா! சரி. இன்னியோட சட்டத்துல திருத்தம். அறிவிப்பும் பேச்சுதான். இனிமே வீட்டுக்குள்ள அறிவிப்பு கூடாதுன்னு நான் சொன்னேன்னு சொல்லு."

"சொல்றேன். ஆனா யோசிச்சுக்கங்கப்பா. அப்புறம் வீட்ல என்ன நடக்குதுன்னே உங்களுக்குத் தெரியாமப் போயிடும்."

"எனக்கு என்ன தெரியணுமோ அது எனக்குத் தெரியும்."

அறிவிப்பு நின்றது. வீட்டில் கடிகாரத்தின் சத்தம் மட்டும் மிச்சமிருந்தது. இரண்டாவது வாரம் அவர் குழாயிடம் பேச ஆரம்பித்தார். "ஏன் ஒழுகறே?" என்று மெதுவாகக் கேட்டுவிட்டு, மனைவி காதில் விழுந்ததோ என்று எட்டிப் பார்த்துக்கொண்டார்.

இந்த நிலையில்தான் ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து வெளியே வந்தவர்களைப் பங்குத்தந்தை கதவடியில் மடக்கினார்.

கல்யாணம் நிச்சயமான ஜோடிகளுக்கு அவர் அவ்வப்போது பயிற்சி முகாம் நடத்துவார். அதில் உட்கார்ந்து எழுந்திருக்காத ஜோடிக்கு அந்தக் கோவிலில் கல்யாணம் கிடையாது. ஒவ்வொரு முகாமுக்கும் ஒரு முன்மாதிரித் தம்பதி வந்து அனுபவத்தைச் சொல்ல வேண்டும். வழக்கமாக வருகிறவர்கள் ஒரு தபால்காரரும் அவர் மனைவியும். போன முகாமில் 'பொறுமை' என்ற தலைப்பில் பேசும்போது, மைக்கை யார் பிடிப்பது என்று இருவருக்கும் தகராறாகி, ஆளுக்கொரு பஸ்ஸில் ஏறி வீட்டுக்குப் போனார்கள்.

"இந்தத் தடவை நீங்க ரெண்டு பேரும் வரணும்" என்றார் பங்குத்தந்தை. "உங்க பக்கத்து வீட்டம்மா சொன்னாங்க. சாயங்காலம் ஆனா உங்க வீட்லேருந்து ஒரு சத்தம் கிடையாதாமே. இந்தக் காலத்துல அப்படி ஒரு அமைதியான குடும்பமா!"

"ஃபாதர், அது வந்து, அமைதின்னா..." என்று லிஃப்ட்காரர் இழுத்தார்.

"ஆகட்டும் ஃபாதர், வர்றோம்" என்றாள் மனைவி.

"ரொம்ப சந்தோஷம். தலைப்பு, 'கணவன் மனைவி உரையாடல்'."

லிஃப்ட்காரருக்கு இருமல் வந்தது. மனைவி அவர் முதுகில் தட்டிக்கொடுத்தாள். தட்டுவது பேச்சில் சேராது.

அன்று முழுதும் உள்ளுக்குள் குமைந்தார். சாயங்காலம் பளிச்சென்று ஒரு யோசனை வந்தது. அடடா! இது வலை இல்லை, வரம்! மேடையில், அத்தனை பேர் எதிரில், அவள் தன் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை பேசினால் போதுமே! மறுநாளே பங்குத்தந்தையின் அலுவலக அறைக்குப் போனார்.

"ஃபாதர், முகாம்ல முதல்ல அவளே பேசட்டும்."

"நீங்க குடும்பத் தலைவர். நீங்க ஆரம்பிக்கறதுதானே..."

"வேண்டாம் ஃபாதர். பெண்களுக்கு முன்னுரிமை குடுக்கணும். அப்புறம், சும்மா பிரசங்கம் பண்ணிட்டுப் போகாம, எங்க ரெண்டு பேரையும் எதிரும் புதிருமா உட்கார வெச்சு நேருக்கு நேர் பேச வைங்க. பார்த்தாத்தான் பிள்ளைங்களுக்குப் புரியும்."

பங்குத்தந்தை எழுந்து நின்று கைகொடுத்தார். "எவ்வளவு பொருத்தம் பாருங்க! காலையில உங்க வீட்டம்மாவும் வந்து இதையேதான் சொல்லிட்டுப் போனாங்க."

அந்த இடத்தில் அவர் கொஞ்சம் யோசித்திருக்கலாம். ஆனால் ஜெயிக்கப் போகிறவன் எங்கே யோசித்தான்?

முகாம் நாளன்று மண்டபம் நிரம்பியிருந்தது. ஜோடி ஜோடியாகப் பிளாஸ்டிக் நாற்காலிகள். நிச்சயமாகிப் பல நாளானவர்கள் இடைவெளி விட்டு உட்கார்ந்திருந்தார்கள். புதிதாக நிச்சயமானவர்கள் ஒரே நாற்காலி போதும் என்பது மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். முன்வரிசையில் ஒரு பல் டாக்டர் பெண். அவளுக்கு வாய்த்த மாப்பிள்ளை பேக்கரி வைத்திருக்கிறவன். அவன் இனிப்பு விற்பான், இவள் பல் பிடுங்குவாள். வாடிக்கையாளர் குடும்பத்தை விட்டு வெளியே போகவே மாட்டார் என்று பங்குத்தந்தை அறிமுகம் செய்தபோது மண்டபமே சிரித்தது. அவர்கள் இருவர் மட்டும் சிரிக்கவில்லை.

மேடையில் இரண்டு நாற்காலிகள், எதிரும் புதிருமாக. லிஃப்ட்காரர் ராஜா மாதிரி உட்கார்ந்தார். ஆரம்பி, தாயே, ஆரம்பி!

மனைவி மைக்கை வாங்கினாள். அவர் பக்கமே திரும்பவில்லை. மண்டபத்தைப் பார்த்தாள்.

"எல்லாருக்கும் வணக்கம். எனக்குப் பேசறதுதான் வேலை. என் குரலைக் கேட்டு ஆயிரம் பேர் ஓடறாங்க. என் வீட்டுக்காரரும் அதுல ஒருத்தர்."

சிரிப்பு.

"உரையாடல்னா எல்லாரும் பேசறதைப் பத்தியே சொல்றாங்க. பாதி உரையாடல் கேக்கறதுதான். அதை நான் இன்னிக்குச் செஞ்சு காட்டப் போறேன். என் வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்த்து, மனசுல இருக்கறதைப் பேசுவார். மணி அடிக்கற வரைக்கும் நான் வாயே திறக்க மாட்டேன்."

மைக்கை அவர் மடியில் வைத்துவிட்டு, கைகளைக் கட்டிக்கொண்டு, கேட்பதற்குத் தயாராக உட்கார்ந்தாள். பங்குத்தந்தை முட்டை வேகவைக்க வைத்திருக்கும் மணிக்கடிகாரத்தை முறுக்கி மேசை மேல் வைத்தார்.

லிஃப்ட்காரர் கணக்குப் போட்டார். முதலில் பேசியவள் அவள்தான். ஆனால் ஊரைப் பார்த்துப் பேசினாள். இப்போது வாயைத் திறக்காமல் இருப்பது அவளுக்கு வீட்டில் சட்டம், இங்கே பாடம்!

அவர் மெல்ல மண்டபத்துப் பக்கம் திரும்பினார். "அன்பான பிள்ளைகளே, மனைவி என்பவள்..."

"அங்க இல்லைங்க" என்றார் பங்குத்தந்தை. "அவங்களைப் பார்த்துச் சொல்லுங்க."

"பார்த்துட்டுத்தான் இருக்கேன் ஃபாதர்."

"பார்த்தாப் போதாது. பேசணும்."

தண்ணீர் குடித்தார். இன்னொரு கிளாஸ் கேட்டார். அதையும் குடித்தார். மணிக்கடிகாரம் டிக் டிக்கென்றது.

"அங்கிளுக்குத் தொண்டை கட்டிருச்சு போல" என்றான் பேக்கரிக்காரன். "மிட்டாய் இருக்கு, தரட்டுமா?"

"சர்க்கரையைக் காட்டாதே" என்றாள் பல் டாக்டர். பிறகு குரலைத் தாழ்த்தினாள். ஆனால் முன்வரிசை, மேடைவரை கேட்டது. "நல்லாப் பார்த்துக்க. நாளைக்கு நீயும் இப்படித்தான் கல்லு மாதிரி உட்காருவே."

"நான் எதுக்கு உட்காரப் போறேன்?"

"போன வாரம் சண்டை போட்டுட்டு நீ போனே எடுக்கலையே."

"நீ பேசுவேன்னு இருந்தேன். நான் முதல்ல பேசினா, தோத்த மாதிரி ஆயிடும்ல?"

"ஓகோ. இது போட்டியா? அப்ப நீயே ஜெயிச்சுக்க."

பல் டாக்டரின் கை விரலுக்குப் போயிற்று. மோதிரத்தைத் திருக ஆரம்பித்தாள். பேக்கரிக்காரனுக்கு முகம் வெளிறியது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. வீம்பு.

லிஃப்ட்காரர் அந்த மோதிரத்தையே பார்த்தார். ஒரு சுற்று. இரண்டாவது சுற்று. விரல் கணுவரை வந்துவிட்டது. பூட்டிய கதவுக்குப் பின்னால் யாரோ தட்டுகிற மாதிரி இருந்தது அவருக்கு. அப்புறம் அவரால் சும்மா இருக்க முடியவில்லை.

"தம்பி! இந்த விளையாட்டு மட்டும் வேண்டாம்ப்பா. இதுல ஜெயிச்சவனை நான் பார்த்ததே இல்லை" என்று கத்தினார். அதே வேகத்தில் மனைவி பக்கம் திரும்பினார்.

"இந்தாம்மா. நான் தோத்துட்டேன். ஊரறியத் தோத்துட்டேன், போதுமா?"

மனைவி கண் இமைக்கவில்லை. கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஓடுற மிஷின்லாம் பொய். எனக்கு எதுக்கு மிஷின்? அந்த ரூம்ல எதுவுமே வேண்டாம்னு சொல்ல வாய் வரலை, அதான் மிஷின்னு சொன்னேன். பிள்ளை போன அன்னிக்குச் சாத்தின கதவு. நான் இன்னும் தொறக்கலை. தொறந்தா காலியா இருக்குமே! ஊர்ல எந்தக் கதவு மாட்டிக்கிட்டாலும் தொறக்கறவன், என் வீட்டுக் கதவுகிட்ட போனா தொடாமத் திரும்பி வந்துடறேன்."

பல் டாக்டர் மோதிரத்தைத் திருகுவதை நிறுத்தினாள்.

"சரி, அது ஒரு ரூம். நீ பேசாம இருந்தியா, எல்லா ரூமும் காலி ஆயிடுச்சு. போன வியாழக்கிழமை வேலையைப் போட்டுட்டு உன் ஸ்டேஷனுக்கு வந்தேன். தெரியுமா உனக்கு? பிளாட்பாரத்துல உட்கார்ந்து உன் குரலைக் கேட்டுக்கிட்டே இருந்தேன். எல்லா ரயிலும் போச்சு. நான் எதுலயும் ஏறலை. டிக்கெட் இல்லாம உட்கார்ந்திருக்கேன்னு பரிசோதகர் வந்து பிடிச்சார். 'அறிவிப்பு கேக்க வந்தேன்'னேன். மேலும் கீழும் பார்த்துட்டு, 'உடம்பு சரியில்லையா?'ன்னு கேட்டு, பத்திரமா வெளியே கொண்டு வந்து விட்டார்."

யாரோ சிரித்தார்கள், யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். இரண்டும் பல் டாக்டர்தான்.

"பியானோ வரட்டும். நானே தோள்ல தூக்கிட்டு வரேன். பிள்ளைங்க வந்து டங்கு டங்குன்னு அடிக்கட்டும். காலியா இருக்கறதுக்கு அது எவ்வளவோ தேவலை. நீ மட்டும் பேசு. துண்டைப் பத்தியாவது பேசு."

மணி அடித்தது. மனைவி கைக்குட்டையை எடுத்தாள். தன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அதையே அவரிடம் நீட்டினாள்.

"கேட்டேங்க" என்றாள்.

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. பேக்கரிக்காரன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "நான்தான் தப்பு, நான்தான் தப்பு" என்று முதலில் பேசிக்கொண்டிருந்தான். மோதிரம் விரலின் அடிவரை இறங்கியிருந்தது. முன்மாதிரித் தம்பதி என்றால் இவர்கள்தான் என்று பங்குத்தந்தை எல்லோரிடமும் சொன்னார்.

வீட்டுக்குத் திரும்புகிற பஸ்ஸில் மனைவி ஓயாமல் பேசினாள். வாரக்கணக்கில் சேர்த்து வைத்ததையெல்லாம் பேசினாள். லிஃப்ட்காரர் நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்து கேட்டார். தோற்றவன் மாதிரியே இல்லை அவருக்கு. தோற்றவனிடமிருந்து பிடுங்குவார்கள். இவர் தாமாகக் கொடுத்திருக்கிறார். அள்ளிக் கொடுத்தவனுக்கு ஒரு கம்பீரம் உண்டல்லவா? அது அவர் முகத்தில் வழிந்தது.

வீட்டுக்குள் நுழைந்ததும் நேரே மகளுடைய அறைக் கதவடிக்குப் போனார்.

"நீ தொறக்காதே. நானே தொறக்கறேன். உனக்குக் குடுத்தது குடுத்ததுதான்."

"மெதுவா உள்ளே போங்க. இடிச்சுக்கப் போறீங்க."

"காலி ரூம்ல எதை இடிச்சுக்கறது?"

கண்ணை மூடிக்கொண்டு கதவைத் தள்ளினார். உள்ளே ஓரடி வைத்தார். முழங்கால் இடித்தது.

கண்ணைத் திறந்தார். பியானோ. கறுப்பாக, பளபளவென்று, பிறந்ததிலிருந்து அங்கேயே இருப்பதுபோல் நின்றது. மேலே மகளுடைய படம். பக்கத்தில் பாட்டுப் புத்தகங்கள், குட்டிக் குட்டி முக்காலிகள், யாரோ பிள்ளை மறந்துவிட்டுப் போன ஒற்றைச் சாக்ஸ். மகளுடைய கட்டில் சன்னலோரமாக, விரிப்புக் கலையாமல் இருந்தது. அறை காலியாகவே இல்லை.

"இது... பியானோ" என்றார்.

"ஆமாங்க."

"எப்ப வந்துச்சு?"

"நீங்க அறிவிப்பு கூடாதுன்னு சொன்ன மறுநாள். நீங்க வேலைக்குப் போயிருந்தீங்க. ஃபாதர்தான் நாலு ஆளை அனுப்பி வெச்சார்."

"ஃபாதருக்குத் தெரியுமா?"

"கட்டிலை எந்தப் பக்கம் நகர்த்தணும்னு மக போன்ல சொன்னா."

"அவளுக்கும் தெரியுமா?"

"முக்காலி பக்கத்து வீட்டம்மா குடுத்தது."

"அப்ப, ஒரு சத்தம் கிடையாதுன்னு ஃபாதர்கிட்ட சொன்னது?"

"சாயங்காலம் ஆனாத்தானே கிடையாதுன்னாங்க? பிள்ளைங்க வர்றது மத்தியானம்."

லிஃப்ட்காரர் முக்காலியில் உட்கார்ந்தார். அது சிறு பிள்ளைகளுக்கானது. முழங்கால் மோவாயைத் தொட்டது.

"பியானோதான் வந்துருச்சே. அப்புறம் எதுக்கு என்னை மேடையில ஏத்தி அத்தனை பேர் முன்னால பேச வெச்சே?"

"பியானோவை அஞ்சு மாடி ஏத்திட்டேன். உங்க வாயிலேருந்து ஒரு வார்த்தையை இறக்க முடியலையே. அதான், தப்பிக்க முடியாத இடமாப் பார்த்துக் கூட்டிட்டுப் போனேன்."

அவருக்குச் சிரிப்பதா கோபப்படுவதா என்று தெரியவில்லை. கோபமே கௌரவம் என்று முடிவு செய்தார்.

"எல்லாம் சரி. என் வீட்டுக்குள்ள இவ்வளவு பெரிய சாமானைக் கொண்டு வர்றப்போ, என்னை ஒரு வார்த்தை கேக்க வேண்டாமா?"

"உங்களைத்தான் கேக்க முடியாதே" என்றாள் மனைவி, பியானோ மேல் இருந்த தூசியைத் துடைத்தபடி. "உங்க மௌனத்தைக் கேட்டேன். அது சம்மதம்னு சொல்லிருச்சு."